மீன் தொட்டியில் பாசித் தொல்லையா? பாஸ்பேட் மீடியா வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

"டேய், தொட்டியில நாலு மீன் இருக்குன்னு நீதான் சொல்ற. ரெண்டு நாளா என் கண்ணுக்கு ஒண்ணுகூடத் தெரியலையே!"

அப்பா போனில் இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஹாலில் இருந்த மூன்றடித் தொட்டி, முருங்கைக்கீரை சூப் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால்தான் உள்ளே ஏதோ ஆரஞ்சு நிறத்தில் அசைவது தெரிந்தது.

அம்மா போன பிறகு அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்த தொட்டி அது. நாலு கோல்டு ஃபிஷ். காலையில் பேப்பர் படிக்கும்போது செய்திகளை அவற்றிடம்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அந்தத் தொட்டி பச்சையானது, அவருக்குப் பேச்சுத் துணையின் முகமே தெரியாமல் போனதற்குச் சமம்.

அன்றைக்கு நான் செய்த அவசர வேலையில் இரண்டு மீன்கள் செத்துப்போயின. பாஸ்பேட்டை நீக்கும் மீடியாக்களைப் பற்றி நான் தேடித்தேடிப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டுத் தொட்டியிலும் பாசி படர்ந்திருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

நான் செய்த மூன்று தவறுகள்

பக்கத்தில் இருந்த கடையில் விஷயத்தைச் சொன்னேன். "பாஸ்பேட் ஏறியிருக்கும் சார். இந்த லிக்விடை ஊத்துங்க, ஒரே நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது முதல் தவறு.

சீக்கிரம் தெளியட்டும் என்று, சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றினேன். அது இரண்டாவது. தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. இரவு அப்பா தூங்க வேண்டுமே என்று சத்தம் போடும் ஏர் பம்ப்பை நிறுத்திவிட்டு வந்தேன். அது மூன்றாவது.

விடியற்காலை ஐந்தரைக்கு போன். "மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுங்கடா." நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. கொன்றது மருந்தா, காற்றுக் குறைவா, இரண்டும் சேர்ந்தா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றையும் செய்தது நான் என்பது மட்டும் உறுதி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாடித் தொட்டியில் இருந்த துளசிக்குப் பக்கத்தில் இரண்டையும் புதைத்தார்.

பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது?

பாஸ்பேட் என்றதும் விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த சத்து அது. நம் எலும்பிலும் இருக்கிறது, வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரத்திலும் இருக்கிறது. தொட்டியில் சாதாரணமாகக் காணும் அளவில் அது மீனை நேரடியாகக் கொல்வதில்லை. ஆனால் பாசிக்கு அதுதான் விருந்து.

இதைக் கண்கூடாகக் காட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று மாறியது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் உலகப் புகழ் பெற்றது. சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது பெரிய பலம் சேர்த்தது.

ஏரிக்கு உரமும் சாக்கடையும் என்றால், நம் வீட்டுத் தொட்டிக்குத் தீனி. உலர்ந்த மீன் தீனியில் ஏறக்குறைய 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். அதாவது 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். இதில் கொஞ்சம் மீனின் எலும்புக்கும் சதைக்கும் போகும். மிச்சமெல்லாம் கழிவாகவும், தின்னாமல் அடியில் அழுகும் தீனியாகவும் தண்ணீரிலேயே தங்கும்.

அழுகும் செடி இலை, பல நாளாகக் கழுவாத ஸ்பாஞ்ச், சில ஊர்களில் கிணற்று நீர், போர் தண்ணீர் ஆகியவையும் பாஸ்பேட்டைக் கொண்டுவரும்.

முதலில் சோதனை, பிறகுதான் பர்ஸ்

பாஸ்பேட் டெஸ்ட் கிட் மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. சொட்டு மருந்தைக் கலந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வகை நம் தேவைக்குப் போதும். தொட்டித் தண்ணீரை மட்டுமல்ல, தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரையும் கட்டாயம் சோதியுங்கள். வருகிற தண்ணீரிலேயே பாஸ்பேட் அதிகம் என்றால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் பிரச்னை தீராது.

சோதிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சில கருவிகள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை மட்டும் காட்டும். அந்த எண்ணைச் சுமார் மூன்றால் பெருக்கினால்தான் பாஸ்பேட் அளவு வரும். அடுத்தது, தொட்டி முழுக்கப் பாசி இருந்தும் கிட் குறைந்த அளவைக் காட்டலாம். பாஸ்பேட் இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியே அம்மோனியாவையும் பார்த்துவிடுங்கள். மீன் மேலே வந்து திணறினால், சிவந்த செவுளோடு சோர்ந்து கிடந்தால், அவசரமாகக் கவனிக்க வேண்டியது அம்மோனியாவும் ஆக்சிஜனும்தான். பாசி காத்திருக்கும், மீன் காத்திருக்காது.

எங்கள் கணக்கு இதுதான். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். தொட்டியில் 5. நூறு லிட்டர் தொட்டி என்பதால், மொத்தம் 500 மில்லிகிராம் பாஸ்பேட் கரைந்து கிடந்தது.

"பசிக்குதுன்னு கேட்குதுடா!"

இவ்வளவு எங்கிருந்து வந்தது? அப்பா வாரம் தவறாமல் கால் பங்கு தண்ணீரை மாற்றுபவர். ஃபில்டரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வாரம் போடும் தீனியைத் தனி டப்பாவில் எடுத்துவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்தேன். 14 கிராம்! ஒரு நாளைக்கு 2 கிராம். அதில் உள்ள பாஸ்பேட் எல்லாமே தண்ணீரில் கரைந்தால், தினமும் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் ஏறும்.

"எத்தனை வேளை போடறீங்கப்பா?"

"காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை."

"அவ்வளவுதானா?"

சற்று யோசித்தார். "நான் டீ குடிக்கும்போது வந்து நிக்கும். பசிக்குதுன்னு கேட்குதுடா. ஒரு சிட்டிகை போடுவேன். டி.வி. பார்க்கும்போதும் வரும்..."

கோல்டு ஃபிஷ்ஷுக்கு வயிறு என்று தனியாக ஒன்று கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகும். எப்போது பார்த்தாலும் தேடித் தின்பது அதன் இயல்பு. அது கண்ணாடியருகே வந்து வாயசைப்பது பசியால் அல்ல, தீனி தரும் ஆளை அடையாளம் தெரிந்துகொண்டதால். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "அப்ப என்னைத் தெரியுதுன்னு சொல்லு!"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்தது. 'தீனி போடாதீங்க' என்று சொன்னால், நான் பிடுங்குவது அவருடைய பேச்சுத் துணையை. அதனால் பேரம் பேசினோம். வேளை இரண்டு, வாரத்துக்கு 5 கிராம். ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நிரப்பி வைப்பேன், அது தீர்ந்தால் அடுத்த ஞாயிறு வரை கிடையாது. டீ நேரத்துக்கு? வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒன்று, இரண்டாகப் பிய்த்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும்.

ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. திரை போட்டோம். விளக்கை ஒரு நாளைக்கு 7 மணி நேரமாகக் குறைத்தோம். ஸ்பாஞ்ச்சை வாரா வாரம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினோம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

மூன்று வாரத்தில் 5 என்பது 2-க்கு வந்தது. ஒரு பொடிகூடப் போடவில்லை. மீடியா வாங்கக் கடைக்குப் போனது அதன் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். ஏனென்றால், 5-ல் இருக்கும்போதே மீடியா போட்டிருந்தால் அது 500 மில்லிகிராமை உறிஞ்ச வேண்டும், கூடவே தினமும் சேரும் தீனியோடும் மல்லுக்கட்ட வேண்டும். 2-லிருந்து அரைக்குக் கொண்டுவர 150 மில்லிகிராமை உறிஞ்சினால் போதும். செலவும் அதற்கேற்பக் குறையும்.

எந்த மீடியா எதற்கு?

கடையில் 'ஃபில்டர் மீடியா' என்ற பெயரில் பத்து வகை தொங்கும். அவற்றில் பல, பாஸ்பேட்டைத் தொடவே தொடாது. செராமிக் ரிங், பயோ பால் எல்லாம் பாக்டீரியா குடியிருக்க வீடு. ஆக்டிவேட்டட் கார்பன் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், பாஸ்பேட்டை எடுக்காது. பாஸ்பாரிக் அமிலம் கொண்டு தயாரித்த மலிவு கார்பனாக இருந்தால், அதுவே கொஞ்சம் பாஸ்பேட்டைக் கசியவிடலாம். ஜியோலைட் நன்னீர்த் தொட்டியில் அம்மோனியாவுக்கானது. பாஸ்பேட்டுக்கென்று இருப்பவை முக்கியமாக மூன்று.

இரும்பு ஆக்சைடு குருணை: பழுப்பு நிறத்தில், செங்கல் பொடியைச் சலித்ததுபோல் இருக்கும். கடையில் 'ஜி.எஃப்.ஓ.' என்று கேட்டால் தருவார்கள். பாஸ்பேட் இதன்மேல் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. நன்னீர், கடல்நீர் இரண்டுக்கும் ஏற்றது. இதே வகை இரும்புப் பொருள்தான் குடிநீரில் ஆர்செனிக்கை நீக்கவும் பயன்படுகிறது. ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம். தண்ணீரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம் எடுப்பதால், இரும்பு இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் குழு உருவாக்கிய 'அம்ரித்' என்ற ஆர்செனிக் நீக்கும் தொழில்நுட்பத்துக்கும் இரும்பு சேர்ந்த நுண்பொருள்தான் அடிப்படை.

குறைகள்: தூசி அதிகம். நன்றாக அலசாமல் போட்டால் தண்ணீர் காவி நிறமாகும். கடினத்தன்மை அதிகமுள்ள போர் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து கட்டிதட்டலாம். வேகமான ஓட்டத்தில் உருண்டால் தானே அரைபட்டுத் தூளாகும்.

அலுமினியம் ஆக்சைடு: ஜவ்வரிசிபோல் வெள்ளை உருண்டைகள். கையாளச் சுலபம், தூசி குறைவு, வேகமாக வேலை செய்யும். நிறைய பேர் விரும்பி வாங்குவது இதனால்தான். ஆனால் நிறைவு பெற்ற பிறகும் நாள்கணக்கில் விட்டுவைத்தால், பிடித்ததில் கொஞ்சத்தைத் திரும்ப விடக்கூடும். அமிலத்தன்மையுள்ள மென்னீரில் அலுமினியம் கரைவது மீனுக்கு நல்லதல்ல. அதனால் பி.எச். 7-க்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு இதைத் தவிர்ப்பது நல்லது. கடல் தொட்டியில் லெதர் கோரல் போன்ற மென்பவளங்கள் இருந்தால், அவை சுருங்குவதாகப் பலர் சொல்கிறார்கள்.

லாந்தனம் திரவம்: நான் ஊற்றியது இந்த வகை. லாந்தனம் என்ற உலோகத்தின் உப்பு, பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் துகளாக மாறும். தண்ணீர் பால்போல் ஆனது அதனால்தான். ஏரிகளைச் சுத்தம் செய்ய லாந்தனம் கலந்த களிமண்ணை ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. பெரிய குளத்துக்கும், அனுபவசாலிகளின் பெரிய கடல் தொட்டிக்கும் இது சரி. அவர்களும் சொட்டுச் சொட்டாக விட்டு, துகளை மிக நுண்ணிய வடிகட்டியில் பிடித்து அகற்றுவார்கள். சிறிய தொட்டியில் அளவு தப்பினால், துகளும் லாந்தனமும் செவுளைப் பாதிக்கும். முதல் தொட்டி வைத்திருப்பவர் வாங்க வேண்டிய பொருள் இதுவல்ல.

இவை தவிர, ரெசின் கலந்த ஸ்பாஞ்ச் பேட்களும் வருகின்றன. வெட்டி வைப்பது சுலபம், உறிஞ்சும் அளவு பொதுவாகக் குறைவு. சின்னத் தொட்டிக்குப் போதும். வாங்கும்முன் பாக்கெட்டில் எதனால் ஆனது, எத்தனை லிட்டருக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் எழுதாத பாக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எங்கள் தொட்டியின் பி.எச். 7.6. உருண்டை, குருணை இரண்டுமே பொருந்தும். திரும்ப விடும் பயம் குறைவு என்பதால் இரும்புக் குருணையை எடுத்தோம்.

போடும் முறை

* பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள்.
* மெல்லிய வலைப்பையில் போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் பழுப்பு நிறம் தெளியும்வரை அலசுங்கள். தேய்க்காதீர்கள்.
* ஃபில்டரில் ஸ்பாஞ்ச்சுக்கு அடுத்து வையுங்கள். அழுக்கை ஸ்பாஞ்ச் பிடித்த பிறகு, தெளிந்த தண்ணீர் மீடியாவுக்குள் போக வேண்டும். தொட்டி மூலையில் சும்மா தொங்கவிட்டால் பாதிப் பலன்தான்.
* ஏர் பம்ப்பை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.
* மறுநாளும் மூன்றாம் நாளும் பாஸ்பேட்டைச் சோதியுங்கள். பிறகு வாரம் ஒரு முறை.
* இறங்கிய அளவு மறுபடி ஏறத் தொடங்கினால் மீடியா நிறைந்துவிட்டது என்று பொருள். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். காஸ்டிக் சோடாவில் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் வேலை வீட்டில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், வேண்டாம்.

தொட்டியில் சுண்ணாம்புக்கல், பவளமணல் இருந்தால் ஒரு விஷயம். இவை நாள்பட பாஸ்பேட்டைத் தமக்குள் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் அளவு குறைந்ததும் மெல்ல வெளியே விடும். 'போட்டும் ஏறுதே' என்று மீடியாவைக் குறை சொல்லாமல், சில வாரங்கள் பொறுமையாக இருங்கள்.

பூஜ்யம் நல்லதல்ல

பாஸ்பேட்டை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று இறங்கிவிடாதீர்கள். கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி போன்ற சாதாரணத் தொட்டிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. நிஜச் செடி வளர்ப்பவர்களுக்குப் பாஸ்பேட் உரம். அவர்களில் பலர் அதைத் தனியாக வாங்கி ஊற்றுகிறார்கள். அது தீர்ந்துபோனால் செடி தேங்கி, கண்ணாடியில் பச்சைப் புள்ளிப் பாசி ஒட்டிக்கொள்ளும். அங்கே மீடியா தேவையே இல்லை.

பவளம் வளர்க்கும் கடல் தொட்டிக்கு 0.03 முதல் 0.1 வரை என்பது பலரும் வைக்கும் இலக்கு. அங்கும் ஒரே நாளில் இறக்கினால் பவளம் வெளுத்துப்போகும். வாரக்கணக்கில்தான் இறக்க வேண்டும்.

இப்போது எப்படி இருக்கிறது?

குருணை போட்டுப் பத்தாவது நாள் தொட்டியில் 0.5. பச்சை மெல்ல மெல்லக் கலைந்து, ஒரு காலையில் பின்பக்கச் சுவரில் ஒட்டிய நீலத்தாள் தெரிந்தது. அப்பா போன் செய்தார். "ரெண்டும் தெளிவாத் தெரியுதுடா. பெரியவனுக்கு வாலோரத்துல ஒரு வெள்ளைக் கோடு இருக்கு. எனக்கு இவ்வளவு நாள் தெரியவே தெரியாது!"

"இன்னும் ரெண்டு மீன் வாங்கித் தரட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"வேணாம். இந்தத் தொட்டிக்கு ரெண்டே போதும். நாலு இருந்தா தீனி அதிகமாகும், அப்புறம் அந்தப் பாஸ்பேட்டு..." என்று எனக்கே பாடம் எடுத்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பழைய டைரி இருக்கிறது. ஞாயிறுதோறும் டெஸ்ட் கிட் அளவை அப்பா அதில் எழுதுகிறார். சென்ற வாரக் குறிப்பு: '0.5. தண்ணீர் மாற்றியது 25 லிட்டர். தீனி சரி. புதன்கிழமை டீ நேரத்தில் ஒரு சிட்டிகை கூடுதல். மன்னிக்கவும்.'